மைக்கண்ணனின் ஏற்புரை

எங்கள் பினாங்குத் தீவில் தமிழ் இலக்கியம் முழுவதையும் காது கொடுத்துக் கேட்ட மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் ஒரு புத்தகம்கூடப் படித்ததில்லை. ஏன் என்று கேட்டால், "எளுதினவன மொதல்ல கேட்டுட்டேன் தம்பி. அதுக்கப்புறம் எப்படி படிக்க மனசு வரும்?" என்பார்.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் மைக்கண்ணன். மார்க்கெட் ஸ்திரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மசாலா அரைக்கிற கடைக்கு மேல்மாடியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எல்லா இடங்களுக்கும் வேலையாட்களை அனுப்பிவிடுவார். எங்கள் எழுத்தாளர் மன்றத்தின் கூட்டங்களுக்கு மட்டும் தாமே வந்து, மேடைக்குப் பக்கத்தில் இரும்பு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். "மத்த எடத்துல மைக்கு கெட்டுப்போனா பிரச்சன. உங்க எடத்துல மைக்கு நல்லா வேல செஞ்சாதான் பிரச்சன. அதுக்கு நானே வரணும்லா" என்பது அவர் தந்த விளக்கம்.

நான் அந்த மன்றத்தின் செயலாளர். செயலாளர் என்றால் நாற்காலிகளை எண்ணுகிறவன், மாலை வாங்குகிறவன், தலைவருக்கு அவர் பேச்சு நன்றாக இருந்ததாகச் சொல்கிறவன் என்று அர்த்தம். இருபது வருடமாக இந்த மூன்றையும் குறைவில்லாமல் செய்து வருகிறேன்.

எழுத்தாளர்களின் புனைபெயர்களை மைக்கண்ணன் ஒருநாளும் மதித்ததில்லை. அவரிடம் வேறு பெயர்கள் இருந்தன. பேசும்போது சாரல் அடிக்கிற நாவலாசிரியர் ஒருவர், அவருக்கு 'எச்சில்'. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொண்டையைச் செருமி மேசையைப் பார்க்கிற கட்டுரையாளர், 'சோடா'. எதைப்பற்றிப் பேசச் சொன்னாலும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொள்கிற பள்ளிக்கூட வாத்தியாரான கவிஞர், 'முக்கா மணி'. எங்கள் தலைவர் எந்தக் கூட்டத்திலும் "நான் பேசத் தொடங்குவதற்கு முன்னால்" என்று தொடங்கி, அந்த முன்னாலிலேயே முடித்துவிடுவார். அவருக்கு 'முன்னுரை'. என் பெயர் என்னவென்று கேட்டேன். "ஒனக்கு எதுக்கு தம்பி பேரு? நீ பேசுறது யாருக்கும் ஞாபகம் இருக்காது" என்றார். மனது புண்படக்கூடாது என்று நினைத்துச் சொன்னதாகத்தான் அவர் முகம் இருந்தது.

அவருடைய கணக்கு பத்து நிமிடம். பேச்சாளர் அதைத் தாண்டினால் மைக் 'கீ' என்று அலறும். என்னைப் போன்றவர்கள் அதோடு இறங்கிவிடுவோம், பெரிய ஆட்கள் அலறலுக்கு மேல் கத்திப் பேசி முடிப்பார்கள். நாங்கள் வயரில் ஈரம் என்றோம். கடல் காற்றில் உப்பு என்றோம். மூத்த கவிஞர் ஒருவர், தம் கவிதையின் உக்கிரத்தை இயந்திரம் தாங்கவில்லை என்று பேட்டியே கொடுத்துவிட்டார். பல வருடம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் மைக்கண்ணனின் வலது கைச் சுண்டுவிரல். மேசைக்கு அடியில் ஒரு குமிழை அது லேசாகத் திருகும். என்னுடைய கட்டுரை ஒன்றின் உச்சகட்டம் பன்னிரண்டாவது நிமிடத்தில் இருந்தது. இன்றுவரை அதை யாரும் கேட்டதில்லை.

இப்படி நாற்பது வருடம். கேட்டுக்கேட்டு ஒரு பக்கக் காதும் மந்தமாகி, கடையை விற்றுவிட்டு அவர் ஓய்வு பெற்றபோது, இனி நிம்மதியாக இருபது நிமிடம் பேசலாம் என்று நாங்கள் பூரித்துப்போனோம். ஆனால் அவர் எழுத்தாளர்களை விடுவதாக இல்லை. உயிரோடு இருந்தவர்களை விட்டுவிட்டு, செத்துப்போனவர்களைப் பிடித்துக்கொண்டார்.

நகரத்தின் பழைய இடுகாட்டில், மேற்கு மூலையில், எழுத்தாளர்களுக்கென்று ஒரு வரிசை உண்டு. இடுகாட்டுக் குழுவில் ஒருகாலத்தில் கவிஞர் ஒருவர் இருந்தார். உயிரோடிருக்கையில் நமக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை, செத்த பிறகாவது இருக்கட்டும் என்று எட்டுக் குழிகளுக்கான இடத்தை மன்றத்தின் பெயரில் எழுதி வாங்கிவிட்டார். இப்போது அங்கே ஏழு பேர் படுத்திருக்கிறார்கள். எச்சில், சோடா, முக்கா மணி எல்லாரும் அங்கேதான். மேடையில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தவர்கள், அங்கே ஒரு முழ இடைவெளியில் கிடக்கிறார்கள். எட்டாவது இடம் மாமரத்தடியில் காலியாக இருந்தது. தலைவர் வருடாவருடம் அந்த இடத்தின் முன்னால் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறருக்காகத் தியானம் செய்கிறார் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் எல்லாரும் கல்லறைக்குப் போவார்கள். புல் செதுக்கி, வெள்ளையடித்து, மெழுகுவர்த்தி கொளுத்தி, செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படைத்துவிட்டு வருவார்கள். முறுக்கும் இருக்கும், மீ கோரேங் நூடுல்ஸும் இருக்கும், ஸ்டவுட் பீர் பாட்டிலும் இருக்கும். மன்றத்தின் சார்பில் ஏழு மாலைகளோடு நான் போனேன். மேற்கு மூலையிலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது.

கிட்டப் போய்ப் பார்த்தால் மைக்கண்ணன். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்பார்களே, சக்கரம் வைத்த கரோக்கே ஸ்பீக்கர், அதை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். கையில் மைக். சோடாவின் கல்லறைக்கு நேராகக் காலை அகட்டி நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"...அன்னைக்கு கெலுகோர் மண்டபத்துல பெண் விடுதல பத்தி பேசுனீங்க. ஞாபகம் இருக்கா? பொம்பளைங்க எல்லாம் பின்னாடி பாத்திரம் களுவிக்கிட்டு இருந்தாங்க. உங்க வீட்டுக்காரம்மாவும்தான். நான் ஸ்பீக்கர பின்பக்கம் திருப்பி வெச்சேன், அவுங்களாவது கேக்கட்டும்னு. நீங்க என்ன சொன்னீங்க? 'சத்தம் முன்னால வரல, திருப்பு'ன்னு சொன்னீங்க. இப்ப திருப்பி வெச்சிருக்கேன். நல்லா கேக்குதா?"

பேசி முடித்து, ஒரு சோடா பாட்டிலைக் கல்லறைமேல் வைத்தார். மூடியைத் திறக்கவில்லை.

"தொறந்து வைங்கண்ணே" என்றேன்.

"அவரே தொறக்கட்டும். ஆயுசு பூரா நான்தான் தொறந்து குடுத்தேன்."

"என்னண்ணே இதெல்லாம்?"

"நாப்பது வருசம் இவனுங்க பேசுனாங்க, நான் கேட்டேன். நடுவுல ஒரு வார்த்த நான் பேச முடிஞ்சுதா? மைக்கு என்னுது, வயரு என்னுது, பேச்சு மட்டும் அவனுங்களுது. இப்ப பேச்சும் என்னுது. எளுந்து ஓடட்டும் பாப்போம், எவனாவது!"

பக்கத்துக் கல்லறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா எழுந்து வந்தார். "அண்ணே, கொஞ்சம் சத்தத்த கொறைங்கலா. என் வீட்டுக்காரரு எளுந்துருவாரு."

"எளுந்தா நல்லதுதானே அக்கா?"

"ஐயோ, வேணாம்ண்ணே. இப்பதான் நிம்மதியா இருக்கேன்."

மைக்கண்ணன் உடனே சத்தத்தைக் குறைத்தார். உயிரோடிருப்பவர்களின் நியாயமான கோரிக்கை எதையும் அவர் மறுத்ததில்லை. மேடையில் இருப்பவர்களை அவர் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிப்போனது. மாதத்தில் ஒரு ஞாயிறு, பசியாறிவிட்டு, தள்ளுவண்டி மாதிரி ஸ்பீக்கரை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வரிசையாக ஏழு பேருக்கும் ஆளுக்குப் பத்து நிமிடம் பதில் சொல்வார். கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தம்மையே நிறுத்திக்கொள்வார். அந்த நேர்மையைப் பார்த்தாவது செத்தவர்கள் வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

மன்றத்தின் மானம் கப்பலேறியது இன்னொரு நாளில். தமிழ்நாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். அவருக்காக 'எழுத்தாளர் கல்லறை உலா' என்று ஒன்றைத் தலைவர் ஏற்பாடு செய்தார். வேன் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனோம். இறங்கியதும் பேராசிரியருக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பளிங்குக் கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினார். "அயலகத் தமிழின் ஆணிவேரே!" என்று தொடங்கி அரை மணி நேரம் பேசினார். குரல் தழுதழுத்தது. தலைவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் என்னவோ போல் இருந்ததால் நானும் துடைத்தேன்.

மேற்கு மூலையிலிருந்து மைக்கண்ணனின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "சார், அது கல்லறை இல்ல. பைப்பு. அதுல இருக்கறது தண்ணி பைப்பு கட்டிக் குடுத்தவரு பேரு. அவரு உயிரோடதான் இருக்காரு, பட்டர்வொர்த்துல. கை காலு களுவிக்கிட்டு இந்தப் பக்கமா வாங்க. இங்கதான் படுத்திருக்காங்க."

பேராசிரியர் வந்தார். அதற்குப் பிறகு தலைவரும் நானும் தேவைப்படவில்லை. யார் எப்படிப் பேசினார், யார் எந்த இடத்தில் பொய்யாக அழுதார், யார் மைக்கைக் கடித்தார் என்று மைக்கண்ணன் ஒவ்வொரு கல்லறையாகச் சொல்லிக்கொண்டே போனார். பேராசிரியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊருக்குப் போய் எழுதிய பயணக் கட்டுரையில் மைக்கண்ணனுக்கு மூன்று பத்தி ஒதுக்கியிருந்தார். தலைவருக்கு ஒரு வரி. எனக்கு, 'உடன் வந்த ஒருவர்'.

அந்த வருடம் மழைக்காலத்தில் மைக்கண்ணன் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். ஸ்பீக்கர் இல்லாமல் வந்ததே ஒரு மாதிரியாக இருந்தது. பால் சேர்க்காத தே ஓ தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் வைத்திருந்தார்.

"தம்பி, ஆஸ்பத்திரியில படம் புடிச்சுப் பாத்தாங்க. நுரையீரல்ல என்னமோ. அடுத்த தீபாவளி வரைக்கும் ஓட்டலாமாம்."

நான் எதுவோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். அந்தச் சுண்டுவிரலும் கூடவே அசைந்தது.

"பேச்சு வேணாம். ஒரு வேல ஆகணும். அந்த எட்டாவது எடம் இருக்குல்ல, மாமரத்தடியில. அத எனக்கு வாங்கிக் குடு."

"அது எழுத்தாளருங்களுக்குண்ணே."

"தெரியும்லா. அதனாலதான் கேக்கறேன். வேற யாரு பக்கத்துலயாவது படுத்தா எனக்கு தூக்கம் வருமா? நாப்பது வருசம் இவனுங்க பேச்சக் கேட்டுத்தான் கண்ண சொருகினேன்."

பட்டர்வொர்த்தில் இருக்கும் மகள், அம்மாவைப் போலவே அப்பாவையும் எரித்துக் கடலில் கரைக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். "அவ அம்மா நிம்மதியா இருக்கட்டும். உயிரோட இருந்தப்பவே 'சத்தத்த கொற, சத்தத்த கொற'ன்னுதான் சொல்லிக்கிட்டு இருப்பா" என்று மறுத்துவிட்டாராம்.

செயற்குழுவில் வைத்தேன். தலைவர் விதிமுறைப் புத்தகத்தைப் பிரித்தார். எங்கள் மன்றத்தில் அதிகம் வாசிக்கப்பட்ட புத்தகம் அதுதான். "குறைந்தது ஒரு நூலாவது வெளியிட்டவருக்கே அந்த இடம். நான் பதினான்கு வெளியிட்டிருக்கிறேன். அதற்காகச் சொல்லவில்லை" என்றார். அதற்காகத்தான் சொன்னார் என்பது மின்விசிறிக்குக்கூடத் தெரிந்தது. மைக் பிடிப்பவருக்கு இன்று இடம் கொடுத்தால், நாளைக்குக் கூட்டத்துக்கு வடை போட்டவர் கேட்பார் என்றும் சொன்னார். நான் வழக்கம்போல் தலையாட்டினேன். நான் வாழ்க்கையில் வெட்கப்படும் தலையாட்டல்கள் பல. முதலிடம் அதற்குத்தான்.

செய்தியைச் சொல்லப் போனேன். மைக்கண்ணன் கோபப்படவில்லை. "ஒரு பொஸ்தகம் இருந்தா போதுமா?" என்றார்.

"போதும்ண்ணே. ஆனா நீங்கதான் எதுவும் எழுதுனது இல்லையே."

"யாரு சொன்னா?"

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தார். உள்ளே சட்டைப்பையில் அடங்குகிற சின்னச் சின்ன 555 மார்க் நோட்டுகள், டின் நிறைய. ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழுதியவை. யார் மைக்கைக் கடிப்பார், யார் தள்ளி நிற்பார், எங்கே கரகரப்பு வந்தது என்று குறித்துவைத்தால்தானே அடுத்த தடவை சரி செய்ய முடியும். அதற்காக ஆரம்பித்தது. ஆனால் நாற்பது வருடம் கேட்கிற மனிதன் கரகரப்போடு நிறுத்திக்கொள்ள முடியுமா?

டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். முதல் நோட்டிலேயே சிரிப்பு தாங்கவில்லை.

'சோடா. 38 நிமிஷம். சோடா மூணு. ஏப்பம் ரெண்டு, ஒண்ணு மைக்குல. அதுக்குத்தான் கைதட்டு வந்துச்சு.'

'எச்சில். 25 நிமிஷம். ஸ்பாஞ்சு காலி. கடைசியில அழுதாரு. சும்மா அழுதாரு.'

பத்தாவது நோட்டுக்கு மேல் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

'முக்கா மணி. இன்னிக்கு ஒரு மணி. அவரு சொல்லிக் குடுத்த தோட்டத்துப் பள்ளிக்கூடத்த மூடிட்டாங்களாம். அழுதாரு. இன்னிக்கு நெசமா. மைக்க நிறுத்த கை வரல.'

இன்னொரு நோட்டில் என்னைப் பற்றியும் ஒரு குறிப்பு இருந்தது. நான் மேடையேறிய முதல் நாள். அதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, அந்த ஒன்றை மட்டும் தட்டச்சு செய்யாமல் தாண்டிவிட்டேன். செயலாளருக்கு இந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் அந்தப் பதவி எதற்கு?

'பேசி முடித்தவர்கள்' என்று புத்தகத்துக்குப் பெயர் வைத்தோம். நூறு பிரதிகள், விலை இருபது வெள்ளி. வெளியீட்டு விழா அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. செத்துப்போன எழுத்தாளர்களின் மனைவிமார், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உயிரோடிருக்கும் எழுத்தாளர்களின் எதிரிகள் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். விழா தொடங்குமுன் நூறும் விற்றுப்போயின. எங்கள் மன்றத்தின் சரித்திரத்தில் ஒரு புத்தகம் விற்றது அதுதான் முதல் தடவை. சோடாவின் மனைவி அந்த மூன்று சோடாப் பக்கத்தைத் தன் தோழிகளுக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

மைக்கண்ணன் மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. வெள்ளைச் சட்டை தோளில் நிற்கவில்லை. கண்ணை மட்டும் என்னிடமிருந்து எடுக்கவில்லை. ஏனென்றால் அவருடைய இரும்பு நாற்காலியில், அவருடைய குமிழ்களின் முன்னால், அன்று நான் உட்கார்ந்திருந்தேன்.

தலைவர் எழுந்தார். "நான் பேசத் தொடங்குவதற்கு முன்னால்..." என்றார். புத்தகத்தை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்தது. கையில் வைத்து விசிறிக்கொண்டிருந்தார். குறிப்பேடு வேறு, இலக்கியம் வேறு என்றார். விதிமுறை என்றார். பதினான்கு நூல்கள் என்றார். அந்த எட்டாவது இடம் இன்று கை நழுவிவிடுமோ என்கிற பயத்தில் அவர் பேச்சு நிற்கவே இல்லை. பத்து நிமிடம் ஆனது. பதினைந்து ஆனது. மேடையில் மைக்கண்ணனின் வலது கைச் சுண்டுவிரல், நாற்காலிக் கைப்பிடியில் தானாகத் திருகிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார்.

இருபது வருடம் தலையாட்டியவன் நான். மேசைக்கு அடியில் கை விட்டுக் குமிழைத் திருகினேன்.

'கீ...'

தலைவர் திடுக்கிட்டு நிறுத்தினார். மண்டபம் கைதட்டியது. பேச்சு முடிந்ததற்கான கைதட்டல் என்று நினைத்து அவரும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு கைக்கு வேலையில்லை. வேறு வழியின்றிப் புத்தகத்தைப் பிரித்தார்.

அடுத்து ஏற்புரை. மைக்கண்ணனைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். கல்லறைகளின் முன் ஆளுக்குப் பத்து நிமிடம் வெளுத்து வாங்குகிற மனிதர், நாற்பது வருடப் பாக்கியை இன்று தீர்க்கப்போகிறார் என்று எல்லாரும் முன்னால் சாய்ந்தோம். அவர் கூட்டத்தைப் பார்த்தார். மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஹலோ. செக், செக். ஒன், டூ, த்ரீ."

காத்திருந்தோம். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார். உயிரோடிருக்கும் ஆட்களின் முன்னால் அவருக்குத் தெரிந்த பேச்சு அவ்வளவுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"பின்னாடி சத்தம் கேக்குதா?" என்று கேட்டார்.

"கேக்குதுண்ணே!" என்றது மண்டபம்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்.

யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. அப்போது தலைவர் எழுந்தார். மைக் பக்கம் போகவில்லை. புத்தகத்தில் ஒரு பக்கத்தில் விரலை வைத்திருந்தார். எந்தப் பக்கம் என்று தட்டச்சு செய்த எனக்குத் தெரியும்.

'முன்னுரை. 47 நிமிஷம். கடைசி மூணு நிமிஷம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டப் போன அவுங்க அம்மாவப் பத்தி பேசுனாரு. ரொம்ப நல்லா இருந்துச்சு. அத மொதல்லயே பேசியிருக்கலாம்.'

பதினான்கு நூல்களுக்கு நாங்கள் எழுதிய மதிப்புரைகள் எல்லாம் சேர்ந்து அவருக்குச் சொல்லாததை அந்த நான்கு வரி சொல்லிவிட்டது போலிருக்கிறது. தலைவர் விரலை எடுக்காமலே புத்தகத்தை மூடினார்.

"மாமரத்தடி எடம் அண்ணனுக்கு" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

மைக்கண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது, மைக் திறந்திருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. "மூணு செகண்டு. இந்த ஆளு பேசுனதுலயே இதான்லா நல்ல பேச்சு."

டாக்டர் சொன்ன தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே அவர் போய்விட்டார். மாமரத்தடியில் புதைத்தோம். இரங்கல் உரைகள் வேண்டாம் என்று மகளிடம் எழுதிக் கொடுத்திருந்தார். மன்றத்தார் எல்லாருக்கும் அன்று வாயில் அரிப்பு. கட்டுப்படுத்திக்கொண்டோம். கரோக்கே ஸ்பீக்கரை மகள் என்னிடம் கொடுத்துவிட்டாள். "அப்பா உங்களுக்குன்னு சொன்னாருண்ணே. கூடவே, 'அதுல பேசிறாதே'ன்னும் சொல்லச் சொன்னாரு" என்றாள்.

இந்த வருடம் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, எட்டு மாலையோடும் ஸ்பீக்கரோடும் போனேன். சோடாவுக்கு ஒரு சோடா வைத்தேன். மூடியைத் திறக்கவில்லை, மரபு மரபுதான். எட்டாவது கல்லறைக்கு வந்ததும், மைக்கை ஸ்டாண்டில் பொருத்தி, அவர் நின்றால் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் நிறுத்தினேன். சுவிட்சைப் போட்டுவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தேன். பாதியில் நிற்கிற ஏற்புரை ஒன்று இருக்கிறதல்லவா?

வெள்ளையடிக்கிற அந்த அக்கா வந்து எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, மைக்கு வெச்சிருக்கே, ஆளக் காணோம்?"

"அண்ணன் பேசுறாரு அக்கா."

அக்கா மைக்கைப் பார்த்தார், கல்லறையைப் பார்த்தார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமரத்து இலைச் சத்தமும், வாசல் பைப்பில் யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தமும் ஸ்பீக்கரில் மெல்ல வந்துகொண்டிருந்தன.

தட்டச்சு செய்யாமல் தாண்டிய அந்தக் குறிப்பை இப்போது சொல்லிவிடுகிறேன். 'செக்ரட்டரி தம்பி. மொத தடவ. கை நடுங்குது. கொரலு வெளிய வரல. சத்தத்த கூட்டி வெச்சேன். அவனுக்குத் தெரியாது.' என் குரலுக்கு இயற்கையிலேயே ஒரு கம்பீரம் உண்டு என்று இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடம் தாண்டியிருந்தது. எழுந்து போய்ச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.